எல் நினோ என்றால் வறட்சி என்று யார் சொன்னது?

மே, ஜூன் மாதங்களில் நாளிதழ்களில் 'எல் நினோ' என்ற சொல் தலைகாட்டினால் போதும், பூந்தமல்லி வட்டாரத்தில் பேச்சு மாறிவிடும். இந்த வருஷம் மழை இல்லை, அடுத்த கோடைக்குத் தண்ணி லாரிதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்னொரு ஆண்டு 'லா நினா' என்று செய்தி வந்தால் பேச்சு எதிர்ப்பக்கம் சாயும்: மழை கொட்டப்போகிறது, சாமான்களை எடுத்துப் பரணில் வையுங்கள். மத்தியப் பிரதேச விவசாயிக்குப் பொருந்துகிற கணக்கை நம் தெருவுக்குப் போட்டுப் பார்ப்பதால் வருகிற குழப்பம் இது. இதனால் நஷ்டமும் உண்டு. மழை வராது என்று நம்பி மழைநீர்க் கால்வாயைத் தூர்வாராமல் விட்ட ஆண்டில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. வெள்ளம் பார்த்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்த ஊர் பதினெட்டு மாதத்தில் குடத்தோடு வரிசையில் நிற்கிறது.

நம் ஊரான சென்னீர்குப்பம் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பூந்தமல்லியை ஒட்டி, ஆவடி சாலையில் இருக்கிறது. தென்மேற்கே சில கிலோமீட்டரில் செம்பரம்பாக்கம் ஏரி. வடகிழக்கே திருவேற்காடு வழியாகக் கூவம் போகிறது. இந்த ஊரின் தெருவை நிரப்பும் மழை ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வருகிறது. இந்த ஊர் உண்ணும் அரிசிக்கு ஒரு பங்கு மழை ஆனி, ஆடியில் குடகு மலையில் பெய்து காவிரியாக டெல்டாவுக்குப் போகிறது. தக்காளிக்கான மழையோ கோலாரிலும் மதனப்பள்ளியிலும் கிருஷ்ணகிரியிலும் பெய்ய வேண்டும். இந்த மழைகள் எல்லாம் ஒரே ஆண்டில் ஒரே பக்கம் போவதில்லை. பசிபிக் பெருங்கடலில் நடக்கும் ஒரே மாற்றம் ஒன்றைக் கெடுத்து மற்றொன்றைப் பெருக்கும். இது பிடிபட்டால், வானிலை பற்றி நம்மிடையே உலவும் பல நம்பிக்கைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

"எல் நினோ ஆண்டில் நமக்கு மழை பொய்க்கும்"

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் கடல்மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் நிலைதான் எல் நினோ. குளிர்ந்தால் லா நினா. வழக்கமாக இந்தோனேசியப் பக்கம் மேலெழும் ஈரக்காற்று எல் நினோவின்போது கிழக்கே பசிபிக் நடுவுக்கு இடம் பெயர்கிறது. அதன் எதிர்விளைவாக இந்தியப் பக்கம் காற்று கீழிறங்கும் போக்கு கூடி, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை வலுவிழக்கிறது. 2002-இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 19 சதவீதம் குறைந்தது. 2009-இல் 22 சதவீதம், 2015-இல் 14 சதவீதம் குறைவு. மூன்றுமே எல் நினோ ஆண்டுகள். வட இந்தியச் செய்திகளில் எல் நினோவும் வறட்சியும் இணைபிரியாமல் வருவதற்குக் காரணம் இதுதான். அங்கே அது பெரும்பாலும் சரியும்கூட.

ஆனால் சென்னைப் பக்கம் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 140 செ.மீ. மழையில் சுமார் 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வருவது. எல் நினோ ஆண்டுகளில் அந்தப் பருவத்தில் வங்கக் கடலிலிருந்து தமிழகக் கரையை நோக்கி வீசும் கிழக்குக் காற்று வலுப்பெற்று, ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும் போக்கு அதிகம். ஆகவே நாட்டின் மற்ற பகுதிகளைக் காயவைக்கும் அதே எல் நினோ நமக்குப் பெரும்பாலும் மழை தரும் பக்கம் நிற்கிறது. 2015-ஐ யாரும் மறந்திருக்க முடியாது. வலுவான எல் நினோ ஆண்டு. அந்த நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் நூறு செ.மீ.க்கும் மேல் பெய்தது. 1918-க்குப் பிறகு அப்படியொரு நவம்பர் இல்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு செ.மீ. மழை என்றால் ஒரு கோடி லிட்டர். செம்பரம்பாக்கத்தில் அன்று ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் 47 கோடி லிட்டர் விழுந்தது. அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு நம் தெருவோரக் கால்வாயின் அகலத்தை ஒருமுறை பாருங்கள்.

2023-உம் எல் நினோ ஆண்டுதான். டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலிலேயே தங்கித் தங்கி நகர்ந்தபோது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகள் தண்ணீரில் நின்றன. இரண்டே வாரத்தில், டிசம்பர் 17, 18-இல், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஊரின் ஓர் ஆண்டு மழையைவிட அது அதிகம்.

இதைக் கேட்டுவிட்டு, எல் நினோ என்றால் நமக்கு நிச்சயம் வெள்ளம் என்று எதிர்த்திசையில் ஒரு புது நம்பிக்கையைக் கட்டிவிடக் கூடாது. இது வாய்ப்பைச் சாய்க்கும், வாக்குறுதி தராது. 2018 இறுதியில் ஓர் எல் நினோ உருவாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பருவத்தில் சென்னைக்கு வர வேண்டிய மழையில் பாதிகூட வரவில்லை. கஜா புயல் நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது, சென்னை காய்ந்தே கிடந்தது. 2021 லா நினா ஆண்டு. நம் கணக்குப்படி மழை குறைய வேண்டும். அந்த நவம்பரில் சென்னை மறுபடியும் 100 செ.மீ.யைத் தொட்டது. காரணம், பசிபிக் மட்டுமே நம் மழையைத் தீர்மானிப்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் மாறி மாறிச் சூடாவதும் குளிர்வதும் உண்டு. அதை இந்தியப் பெருங்கடல் இருமுனை என்பார்கள். அதற்கும் மேலே, மழை மேகக் கூட்டங்கள் 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காகப் போகும் மேடன்-ஜூலியன் அலைவு. இவை எல்லாம் கூடிவரும் வாரத்தில் ஒரு தாழ்வு மண்டலம் எங்கே கரையேறுகிறது என்பது கடைசிச் சீட்டு. அது நெல்லூர்ப் பக்கம் போனால் ஒரு கதை, கடலூர்ப் பக்கம் போனால் வேறு கதை. சென்னையின் பருவமழை பெரும்பாலும் நாலைந்து தீவிரமான மழைக் கட்டங்களில்தான் வந்து சேர்கிறது. அவற்றில் இரண்டு தவறினால் ஆண்டே தவறிவிடும்.

"நாட்டில் மழை சராசரி என்றால் நமக்கும் சராசரி"

2016-ஐப் போல இதை உடைக்கும் ஆண்டு வேறில்லை. அந்த ஆண்டு இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை வழக்கத்தில் 97 சதவீதம். தேசியக் கணக்கில் அது 'இயல்பு'. தமிழ்நாட்டில் முதலில் தென்மேற்குப் பருவம் குறைந்தது, பிறகு வடகிழக்குப் பருவம் அடியோடு பொய்த்தது. சுமார் 44 செ.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் 17 செ.மீ.தான் பெய்தது. 62 சதவீதக் குறைவு. 1876-க்குப் பிறகு தமிழ்நாடு இவ்வளவு வறண்ட வடகிழக்குப் பருவத்தைப் பார்த்ததில்லை. அப்போது பசிபிக்கில் வலுவற்ற லா நினா. இந்தியப் பெருங்கடல் இருமுனை எதிர்மறை நிலையில், அதாவது கடலின் சூடு நம் பக்கத்தைவிட்டு இந்தோனேசியப் பக்கம் போயிருந்தது. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. ஏரிகளை நிரப்பும் அளவுக்கு மழையைக் கொண்டுவரவில்லை.

அதே கடல் நிலை இலங்கையையும் விடவில்லை. 2016–17 பெரும்போகத்தில் அங்கே நாற்பது ஆண்டுகளில் மோசமான வறட்சி என்று சொல்லப்பட்டது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் குளங்கள் வற்றி நெல் விளைச்சல் வீழ்ந்தது, இலங்கை அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது. யாழ்ப்பாணமும் தஞ்சாவூரும் வேறு வேறு நாட்டில் இருக்கலாம். வடகிழக்குப் பருவக்காற்றுக்கு இரண்டும் ஒரே கரை.

"வெள்ளம் வந்த ஊருக்கு இரண்டு வருஷம் தண்ணீர்க் கவலை இல்லை"

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் விளிம்பு வரை நிரம்பினால் சுமார் 11.25 டி.எம்.சி. அதில் செம்பரம்பாக்கத்தின் பங்கு 3.6 டி.எம்.சி.க்குச் சற்று மேல். சென்னைக்கு மாதம் ஏறத்தாழ ஒரு டி.எம்.சி. வேண்டும். நான்கும் ததும்பினாலும், வெயிலில் ஆவியாகிப் போவதைக் கழித்தால், ஓர் ஆண்டைத் தாண்டாது. எவ்வளவு பெரிய வெள்ளம் வந்தாலும் ஏரி தன் கொள்ளளவுக்கு மேல் ஒரு குடம்கூடப் பிடிக்காது, மிச்சமெல்லாம் கடலுக்கு. எனவே ஊரை மூழ்கடித்த மழைக்கும் அடுத்த கோடைக்கு அடுத்த கோடைக்கும் சம்பந்தமே இல்லை.

2015 டிசம்பரில் ஊரே மிதந்தது. 2017 கோடையில் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வற்றிவிட்டன. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் கல்குவாரிகளில் பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த மழைநீரை இறைத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து, நகரத்துக்குக் கொடுத்தார்கள். பாறையை உடைத்து எடுத்த பள்ளம்தான் அந்த ஆண்டு சென்னையின் ஒரு நீர்த்தேக்கம். 2018-இல் மழை மறுபடி தவறியது. 2019 ஜூனில் ஏரிப் படுகைகள் பாளம் பாளமாக வெடித்திருந்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. குழாயில் போன தண்ணீர் நாளொன்றுக்கு 83 கோடி லிட்டரிலிருந்து 52 கோடி லிட்டராகக் குறைந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நம் ஆவடி, அம்பத்தூர் நிலையங்களைக் கடந்துதான் அந்த ரயில் போனது. நான்கே ஆண்டு முன்னால் இதே பகுதிகளில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள் என்பதை வெளியூர்க்காரர் யாரும் நம்பமாட்டார்.

வெள்ளமும் வறட்சியும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற நினைப்பே தவறு. சில நாட்களில் மொத்தமாக வந்து போகும் மழையை நிலத்துக்குள் இறக்காத ஊருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். ஏரிக்கு நீர் கொண்டுவந்த கால்வாயில் வீடு எழும்பினால் மழைக்காலத்தில் அந்த வீடு மூழ்கும், கோடையில் அந்த ஏரி காயும். காரணம் ஒன்று, தண்டனை இரண்டு. 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டுக்கே முன்னோடியான சட்டம். அன்று போட்ட குழாய்களில் எத்தனை இன்றும் மண் அடைக்காமல் வேலை செய்கின்றன என்பதை அவரவர் வீட்டு மாடியில் ஏறித்தான் பார்க்க வேண்டும்.

இதோடு ஒட்டிய சில சின்ன நம்பிக்கைகளையும் இங்கேயே முடித்துவிடலாம். கத்திரி வெயில் கொளுத்தினால் அந்த வருஷம் மழை கொட்டும் என்பார்கள். 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. 2004 கோடையில் சென்னை தவித்த தவிப்புதான் வீராணம் குழாயை நகருக்கு இழுத்து வந்தது. செம்பரம்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறது, நமக்கென்ன பயம் என்பதும் உண்டு. அந்த ஏரி மாநகரின் குடிநீருக்கானது. அருகே இருப்பதால் மட்டும் அதன் தண்ணீர் நம் குழாயில் வந்துவிடாது. ஆழ்துளைக் கிணறும் லாரியும் கேனும்தான் இப்புறநகர்த் தெருக்கள் பலவற்றுக்குக் கோடைத் துணை. போர் ஆழமாகப் போட்டால் தண்ணீர் தீராது என்பது எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. மழை இறங்காத நிலத்தில் ஆழப்போவது பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சுவதற்கு மேல் எதையும் செய்யாது.

"2015 வெள்ளத்துக்கு ஏரிக் கதவுதான் காரணம்" என்றும், "எல்லாம் காலநிலை மாற்றம்" என்றும்

இரண்டு பேச்சையும் அடிக்கடி கேட்கிறோம். இரண்டிலும் உண்மை கொஞ்சம் உண்டு, இரண்டும் முழு உண்மை அல்ல.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது என்பது அரசுக் கணக்கு. நீர் மேலாண்மையில் நடந்த பிழைகளைச் சுட்டிக்காட்டி, இது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது. 2018-இல் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்தக் குற்றச்சாட்டை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் ஏரிக் கதவுக்குச் சம்பந்தமே இல்லாமல், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளிலிருந்து அடையாற்றில் வந்த வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. கூவத்தை ஒட்டிய பகுதிகளுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் தொடர்பில்லை. அதன் உபரி நீர் அடையாற்றுக்குத்தான் போகும். கதவைத் திறந்தவர்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டால், ஆற்றின் கரையை விற்றவர்களும் வாங்கியவர்களும் அனுமதி கொடுத்தவர்களும் தப்பித்துவிடுகிறார்கள்.

காலநிலை மாற்றம் பற்றி இன்னும் கவனமாகப் பேச வேண்டும். எல் நினோ மனிதன் உண்டாக்கியதல்ல. பல ஆயிரம் ஆண்டுகளாக வந்துபோகிறது. நாம் உண்டாக்கியது புவி வெப்பமாதல். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். அதனால் பெய்யும்போது பலமாகப் பெய்யும் வாய்ப்பு உலகெங்கும் கூடுகிறது. ஆனால் 2015 சென்னை மழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று, அந்த ஒரு மழையில் புவி வெப்பமாதலின் தடத்தைக் கண்டறிய முடியவில்லை என்றே எழுதியது. அது காலநிலை மாற்றம் பொய் என்று பொருள்படாது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அதையே காரணமாகச் சொல்லிவிட்டால் பூந்தமல்லியில் அடைத்த கால்வாய்க்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றாகிவிடும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

"நம்மிடம் வயல் இல்லை, வறட்சி நமக்கெதற்கு?"

வயல் இல்லாதவர்களைத்தான் வறட்சி வேகமாகத் தொடுகிறது, விலை வழியாக.

2023-ஐ மறுபடி எடுத்துக்கொள்வோம். ஜூன் 12 அன்று வழக்கப்படி மேட்டூர் அணை திறக்கப்பட்டது. டெல்டாவில் குறுவை நட்டார்கள். எல் நினோவால் தென்மேற்குப் பருவமழை தளர்ந்தது. ஆகஸ்ட் மாதம் நாடு முழுவதும் மழை வெகுவாகக் குறைந்தது. கர்நாடகம் தன் வட்டங்களில் பெரும்பாலானவற்றை வறட்சி பாதித்தவை என அறிவித்தது. காவிரியில் வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. கடைமடையில் குறுவை கருகியது. அக்டோபர் 10 அன்று அணையை மூடவேண்டி வந்தது. அதே எல் நினோ, அதே ஆண்டு, டிசம்பரில் நம் தெருவை மூழ்கடித்தது. நம் சோற்றைக் காயவைத்ததும் நம் வீட்டை நனைத்ததும் ஒரே கடல். இந்த ஒரு ஆண்டை மட்டும் மனத்தில் இருத்தினால் போதும், வேறு விளக்கமே தேவைப்படாது.

விலை என்பது விளைச்சலை மட்டும் பார்த்து ஏறுவதும் இல்லை. அந்த ஜூலையில் கோயம்பேட்டில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது அரசு. ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்தது. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவினுடையது. செய்தி வந்த மறுநாளே அமெரிக்காவில் நம்மவர்கள் இந்தியக் கடைகளில் மூட்டை மூட்டையாக அரிசியை அள்ளினார்கள். ஆப்பிரிக்க நாடுகள் வரை விலை ஏறியது. கடைசியில் 2023–24-இல் இந்தியாவின் மொத்த அரிசி விளைச்சல் குறையவில்லை, கூடியது. டெல்டாவில் கருகியது உண்மை; பஞ்சாபில் விளைந்ததும் உண்மை. மழை தவறும் என்ற பயமே மழை தவறுவதற்கு முன் அரிசி விலையை ஏற்றியிருந்தது. கூலி அன்றன்றைக்கு வரும் வீட்டில், அந்த ஏற்றம் முதலில் காய்கறியைக் குறைக்கும், பிறகு பருப்பை, பிறகு பிள்ளையின் பாலை.

"மழை பொய்த்தால் பஞ்சம்தான்"

இந்த நம்பிக்கையைக் கடைசியாக வைத்திருக்கிறேன். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு வரலாற்றில் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று வந்து தென்மேற்குப் பருவத்தையும் கெடுத்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டனார்கள் சொன்னது இதைத்தான். தென், மேற்கு இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. நாட்டில் தானியமே இல்லாமல் போய்விட்டதா? இல்லை. ஏற்றுமதி தொடர்ந்தது. சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பதில் வைஸ்ராய் லிட்டன் உறுதியாக இருந்தார். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரை கிலோவுக்கும் குறைவான தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிர்வாழப் போதாது என்று வாதாடினார். சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய மதராஸ் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு. மழை திரும்பிய பிறகும் சாவு நிற்கவில்லை. பட்டினியால் நலிந்த உடம்புகளை மலேரியா கொண்டுபோனது.

பருவமழையை முன்கூட்டிக் கணிக்க முடியுமா என்ற தேடல் அப்படிப்பட்ட பஞ்சங்களிலிருந்துதான் வேகம் பிடித்தது. 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர் உலகெங்குமிருந்து வந்த காற்றழுத்தப் பதிவுகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு, பசிபிக்கின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் ஊசலாட்டத்தைக் கண்டார். இன்று எல் நினோ பற்றி உலகம் பேசுவதற்கு வித்திட்டது இந்தியப் பஞ்சம்.

இப்போது 2016-க்கு வருவோம். ஏறத்தாழ 1876 அளவுக்கே மழை குறைவு. தமிழ்நாட்டின் நெல் விளைச்சல் கிட்டத்தட்ட பாதியாகச் சரிந்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அறிவித்தார். டெல்டாவில் கருகிய பயிரைப் பார்த்து மனமுடைந்து விவசாயிகள் இறந்தார்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றது அரசு. அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அந்தத் துயரத்தை யாரும் சிறிதாக்கிவிட முடியாது. ஆனால் லட்சக்கணக்கானோர் சோறின்றிச் சாகவில்லை. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பள்ளியில் சத்துணவு 1982 முதல் விரிவாக நடக்கிறது. கிணறு வற்றினாலும் வெளி மாநிலத்து நெல் லாரியிலும் ரயிலிலும் வந்துகொண்டிருந்தது. 140 ஆண்டு இடைவெளியில் மாறியது மழை அல்ல. வாங்கக் காசில்லாதவனுக்கும் தானியத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு. பஞ்சம் என்பது தானியம் இல்லாமையைவிட அதை அடைய வழியில்லாமைதான் என்று அமர்த்தியா சென் 1981-இல் தன் புத்தகத்தில் விரிவாக நிறுவினார். தமிழ்நாட்டின் 1876-உம் 2016-உம் அதற்கு இருபுறச் சாட்சிகள்.

அந்த ஏற்பாட்டிலும் ஓட்டைகள் உண்டு, அவை நம் ஊரிலேயே இருக்கின்றன. பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் கட்டட வேலைக்கும் கிடங்கு வேலைக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று வந்திருக்கும் தொழிலாளர்கள் ஏராளம். வெள்ளம் வந்தால் அவர்களுடைய தகரக் கொட்டகைதான் முதலில் மூழ்கும், வேலையும் அன்றைக்கே நிற்கும். அரிசி விலை ஏறினால் முழு விலை கொடுத்து வாங்குவது அவர்கள்தான். பலருடைய ரேஷன் அட்டை ஊரில் கிடக்கிறது.

2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் நடப்பில் இருக்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அட்டை உள்ள வெளி மாநிலத்தவர், ஆதாரைக் காட்டி விரல்ரேகை வைத்து, இங்குள்ள ரேஷன் கடையிலேயே தன் பங்கு தானியத்தை வாங்கலாம். உங்கள் மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கோ, உங்கள் வீட்டைக் கட்டுகிறவருக்கோ இது தெரியாமல் இருக்கலாம். அடுத்த எல் நினோ செய்தி வருவதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள். முதல்முறை கடைக்குப் போகும்போது கூடவே போய்வாருங்கள்.